உயிரோடு வரவேண்டிய மருந்து

செங்கம் சாலையில் திருவண்ணாமலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். கல் உடைக்கும் கிரஷரில் மேஸ்திரியோடு வாய்த்தகராறு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு இது புதிதில்லை. எட்டாம் வகுப்பிலிருந்தும் இப்படித்தான் வெளியே வந்தேன். அதற்குப் பின் லாரியில் கிளீனர், சூரத்தில் சாயப்பட்டறை, ஹூப்ளியில் ஓட்டல், பிறகு எங்கெங்கோ. பஸ்ஸுக்குக் காசிருந்தாலும் நடப்பேன். நடந்தால் கோபம் குறையும்.

வழியில் ஒரு புளியமரத்தின் பின்னால் ஒதுங்கினேன். சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. வலியில்லை, எரிச்சலில்லை. காலையில் என்ன தின்றோம் என்று யோசித்தேன். இட்லி. இட்லியில் சிவப்பு ஏது?

கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் அதைச் சூடு என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. சூடு என்று சொல்லத்தான் வழியெல்லாம் ஆள் இருந்தது. டீக்கடைக்காரர் இளநீர் குடிக்கச் சொன்னார். ஆட்டோக்காரர் ஒருவர் வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கச் சொன்னார். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்து, மோரைக் குடிக்க ஊற்றிக் கொடுத்து, இடுப்புவரை தண்ணீரில் உட்காரவைத்தாள். எல்லோரும் சேர்ந்து என்னைக் குளிரவைத்தார்கள். ரத்தம் தானாக நின்றது. நின்றதும் ஒவ்வொருவரும் தன் வைத்தியத்தால்தான் நின்றது என்றார்கள். இந்த நோயின் தந்திரமே அதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். வரும், நிற்கும், மறக்கவைக்கும், மறுபடி வரும்.

மறுபடி வந்தபோது கட்டி கட்டியாக வந்து வழியை அடைத்துக்கொண்டது. சிறுநீர் வராமல் அடிவயிறு கல்லாகிவிட்டது. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, வாடகைக்கு வேன் ஓட்டுகிறவர். அந்த வேனிலேயே திருவண்ணாமலைக்கு அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் அவர் வம்சத்தையே திட்டினேன். அவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மாமா பதில் சொல்லாத ஆள் இல்லை.

குழாய் விட்டு அடைப்பை எடுத்தபின் ஸ்கேன். ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முட்ட முட்டக் குடித்துவிட்டு ஒரு பெஞ்சு நிறைய ஜனங்கள் உட்கார்ந்திருந்தோம். ஸ்கேன் எடுப்பவர் சாப்பிடப் போய்விட்டார். பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் முடியாமல் எழுந்து போய்விட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். வைத்தியத்தில் பாதி இந்தப் பெஞ்சுதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மூத்திரப்பைக்குள் ஒரு நிழல் தெரிந்தது. வேலூரிலிருந்து வாரம் ஒருநாள் காரில் வரும் டாக்டர் ஒருவர், ஊருக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பார். முன்கோபக்காரர். வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போன நிலையில் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். சுரண்டியதை வேலூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். புற்றுநோய். உள்தோலோடு நிற்கிறது, தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் முரட்டு ஜாதி, சும்மா விட்டால் இறங்கும்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் பையில் சிறுநீரைப் பிடிப்பது, ஆயுளுக்கும். இன்னொன்று, ஒரு தடுப்பு மருந்து.

எனக்கு முதல் வழி காதில் விழுந்தவுடன் மற்றதெல்லாம் சரியாகக் கேட்கவில்லை. எனக்கென்று இருந்தது உடம்பு மட்டும்தான். மூட்டை தூக்குவேன், லாரியில் தார்ப்பாய்மேல் படுப்பேன், யார் கூடவும் ஒரு அறையில் தங்குவேன். வயிற்றில் பை தொங்கினால் இதில் எதைச் செய்வது? இரண்டாவதைச் சொல்லுங்கள் என்றேன்.

"கொழந்த பொறந்ததும் தோள்ல ஒரு ஊசி போடுவாங்க, தழும்பு நிக்கும், பாத்திருப்பே. பி.சி.ஜி. டி.பி. வராம இருக்க. அதே சரக்குதான். ஆனா ஊசியா இல்ல. ட்யூப் வெச்சு உன் பைக்குள்ள ஊத்துவேன்."

எனக்கு டி.பி. இல்லையே என்றேன். டாக்டர் மேஜையைத் தட்டினார்.

"இது டி.பி.க்கு இல்லப்பா. உன் வூட்டுக்குள்ள ஒரு திருடன் சொந்தக்காரனாட்டம் ஒக்காந்திருக்கான். யாரும் கண்டுக்கல. வாசல்ல ஒருத்தன் வந்து கலாட்டா பண்ணா தெருவே தெரண்டு வருமில்ல? வந்தவங்க உள்ள இருக்கறவனையும் சேத்து சாத்துவாங்க. அவ்ளோதான்."

வாரம் ஒருமுறை அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது இது. நமக்குத் தெரிந்த தடுப்பு மருந்தெல்லாம் நோய் வருமுன் கொடுப்பது. இது வந்தபின் கொடுப்பது. மருந்து நேராகப் போய்ப் புற்றைக் கொல்வதில்லை. அது டி.பி. வகையைச் சேர்ந்த, நோஞ்சானாக்கப்பட்ட கிருமி, ஆனால் உயிருள்ள கிருமி. அதை விரட்ட உடம்பின் காவல் அணுக்கள் திரண்டு வந்து பையின் சுவரைப் புண்ணாக்கும். அந்தச் சண்டையில் புற்று அணுக்களும் அடிபடும். மற்ற புற்றுகளுக்கும் இப்படி உடம்பை உசுப்பிவிட மருந்து செய்ய வெளிநாடுகளில் முயல்கிறார்களாம், சிலர் நோயாளியின் கட்டியிலிருந்தே செய்து பார்க்கிறார்களாம். அதெல்லாம் இன்னும் சோதனையில் இருக்கிறது, நம் கைக்கு வந்திருப்பது இந்தப் பழைய மருந்துதான் என்றார். எல்லோருக்கும் கேட்காது என்றும் சொன்னார். உனக்குக் கேட்குமா என்றால் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கேட்காவிட்டால் பையை எடுக்க வேண்டியதுதான்.

வீட்டில் நான் இதை விளக்கியது பெரிய தப்பு. டி.பி. கிருமியை உள்ளே விடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து தெருமுனைக்குப் போய், ரேஷன் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ரேஷன் வரிசையில் அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அக்கா தள்ளி நிற்கவில்லை, சண்டை போட்டு அரிசி வாங்கி வந்தாள். வீட்டில் எனக்குத் தனித் தம்ளரும் வைக்கவில்லை. இத்தனைக்கும் அவளுக்கு மருந்தின் விவரம் ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

மருந்து போடும் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், இனிமேல் போட்டுக்கொள்ளப் போகிறவர்களுக்குப் பயன்படும். காலையிலிருந்து தண்ணீரைக் கம்மி பண்ண வேண்டும். மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். அது கூச வைக்கும், கண்ணில் தண்ணீர் வரும், பொறுத்துக்கொள்ளலாம். மருந்தை ஊற்றிக் குழாயை எடுத்துவிடுவார்கள். அதன்பின் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு கட்டிலில் கிடக்க வேண்டும். பையின் எல்லாப் பக்கமும் மருந்து படவேண்டும் என்பதால் மல்லாந்து, இடப்பக்கம், குப்புற, வலப்பக்கம் என்று மாறி மாறிப் புரள வேண்டும். பிறகு சிறுநீர் கழிக்கலாம், ஆனால் உட்கார்ந்துதான், தெறிக்கக்கூடாது. அன்று முழுக்க ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் கரைசலை ஊற்றிச் சற்றுநேரம் விட்டுக் கழுவ வேண்டும். மாமா வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டே, "இன்னா மச்சான், பொம்பளையாட்டம் ஒக்கார வெச்சுட்டாங்களே உன்ன" என்றார். ஒருமுறைகூட அந்த வாளியை அக்காவைத் தூக்கவிடவில்லை.

சாயங்காலம் எரிச்சல் ஆரம்பிக்கும். மிளகாய்த்தூளைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கும். கொஞ்சநேரத்துக்கு ஒருதரம் ஓட வேண்டும், வருவது ஒரு ஸ்பூன். குளிர் எடுத்துக் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்தது என்றேன். நல்லது என்றார். காசு கொடுத்துக் காய்ச்சல் வாங்கிக்கொள்ளும் ஒரே ஆஸ்பத்திரி இதுதான் என்று எரிச்சலோடு சொன்னேன். சிலருக்கு வராமலும் வேலை செய்யும், ஆனால் உனக்கு வருகிறது, கூட்டம் கூடுகிறது என்று அர்த்தம் என்றார். ரொம்ப ஜாஸ்தியாகி நிற்காமல் அடித்தால் மட்டும் உடனே சொல்லவேண்டும், கிருமி உடம்புக்குள் பரவலாம் என்று எச்சரித்தார்.

வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் போட வேண்டும். மருந்து சென்னையில்தான் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு உள்ளதை மட்டும் தருவார்கள். மாமா ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கி வந்து ஆஸ்பத்திரி பிரிஜ்ஜில் வைப்பார். முதல் இரண்டு வாரமும் என்னைப் போட்டுப் புரட்டியெடுத்தது. மூன்றாவது வாரம் ஒன்றுமே இல்லை. எரிச்சல் இல்லை, குளிர் இல்லை. நன்றாகத் தூங்கினேன், எழுந்து மூன்று தோசை தின்றேன். அக்கா முகம் கொள்ளாமல் சிரித்தாள். "பாத்தியா, சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். தோசை தின்கிறவனுக்குச் சந்தேகம் வருமா?

நான்காவது வாரம். மருந்து கலக்க வந்த நர்ஸ் ஜெயந்தி, குப்பியைக் கையில் எடுத்து அப்படியே நின்றார். மூடியில் குங்குமம். அதன்மேல் விபூதிக் கோடு.

"போன வாரமும் இந்தப் பொட்டு இருந்துச்சு" என்றார். "தொடச்சிட்டுப் போட்டேன். யாருங்க வெச்சது?"

போன வாரம் அவர் ஏன் கேட்கவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் தராசுக்குப் பொட்டு உண்டு, பஸ்ஸுக்குப் பொட்டு உண்டு, அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே மெஷினுக்கும் ஆயுத பூஜையில் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. பொட்டைப் பார்த்து யாரும் எதையும் கேட்பதில்லை.

அக்கா பெருமையாகச் சொன்னாள். மாமா சென்னையிலிருந்து வந்து இறங்கியதும் பஸ் ஸ்டாண்டிலேயே மருந்தை வாங்கிக்கொண்டாளாம். மருந்தை மலை சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பதாக வேண்டுதல். எட்டு லிங்கத்துக்கும் கொண்டுபோய் வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கிறாள். சாயங்காலம் போயிருக்கலாம், வேனுக்கு ஒரு கல்யாணச் சவாரி இருந்ததால், காலையில் கிளம்பி உச்சி வெயிலில் இருவரும் சுற்றியிருக்கிறார்கள். சித்திரை மாதம்.

"பிளாஸ்க்கோடதானே?" என்றார் ஜெயந்தி.

"பிளாஸ்க்க எப்படி சாமி முன்னாடி வெக்கிறது சிஸ்டர், அதுல நாங்க காப்பி ஊத்தறது. தட்டுல தேங்கா பூவோட எடுத்தாந்து வெச்சேன். சுத்தமாத்தான் வெச்சேன்."

ஜெயந்தி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் வந்து கத்தியதை எழுதினால் ரொம்ப நீளும். சுருக்கம் இதுதான். இந்த மருந்து செத்தால் வெறும் தூள். வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. அரைநாள் வெயில், அதன்மேல் எட்டுக் கற்பூரம். மாமா, கொஞ்சமாவது உயிர் இருக்காதா சார் என்று கேட்டுப் பார்த்தார்.

"இருக்கலாம். செத்தும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாத மருந்த நான் போட மாட்டேன். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மாமா அன்றே சென்னைக்குப் பஸ் ஏறினார். கடையில் சரக்கு இல்லை. எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாதாம். இந்த மருந்து அடிக்கடி இப்படித் தட்டுப்பாடாகிப்போகுமாம். நான் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை எழுந்ததும் திரும்பி நிறத்தைப் பார்த்தேன். டியூப் லைட்டில் ஒரு நிறம், பகலில் ஒரு நிறம். பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாமே சிவப்பாகத் தெரிய ஆரம்பித்தது. வயிற்றில் பையோடு எந்த லாரிக்காரன் என்னை ஏற்றுவான் என்று படுத்துக்கொண்டே ஒவ்வொரு டிரைவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் தேறவில்லை.

அக்காவைத் திட்டினேன். ஒருநாள் இல்லை, தினமும் திட்டினேன். படித்திருந்தால் இப்படிச் செய்வாயா என்று எட்டாவதோடு நிறுத்தியவன் கேட்டேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீ பாட்டுக்குப் போயிட்ட. செத்தியா இருக்கியானு ஒரு கார்டு போட்டதில்ல. வருஷக்கணக்கா நான் அந்த மலையத்தான கேட்டுக்கினு இருந்தேன், எந்தம்பிய திருப்பி அனுப்புன்னு. அனுப்புச்சு. இப்ப மட்டும் கேக்காத, டாக்டரக் கேளுன்னா நான் எப்டிடா கேக்காம இருப்பேன்?"

அப்போதுதான் அவள் அடுப்பிலிருந்து கொல்லைக்குக் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனதைப் பார்த்தேன். சில வாரமாகவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள், நான் கேட்கவில்லை. வெறுங்காலோடு அந்த வெயிலில் தார்ச்சாலையில் சுற்றியதில் பாதமெல்லாம் கொப்பளித்து உரிந்திருந்தது. அதன்பின் திட்டுவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். குறைத்துக்கொண்டேன்.

சரக்கு வந்துவிட்டதாக ஒருநாள் எஸ்.டி.டி. பூத்துக்குச் செய்தி வந்தது. விலை ஏறும்வரை வைத்திருந்து விற்கலாம் என்று மூட்டை கட்டி வைத்திருந்த வேர்க்கடலையை மாமா அவசரமாகத் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் போனார். இந்தமுறை பிளாஸ்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாராம். பக்கத்துச் சீட்டுக்காரர் என்னய்யா அது என்று கேட்டதற்கு, "மச்சானோட மூத்திரப்பை" என்று சொல்ல, அந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா பிளாஸ்க் பக்கமே வரவில்லை. ஆனால் வேண்டுதல் பாதியில் நிற்கிறது, அது வேறு அவளுக்குப் பயம். மருந்து தீர்ந்தபின் வெறும் குப்பியையாவது கொடுங்கள், சுற்றிவிட்டு வருகிறேன் என்று ஜெயந்தியிடம் கேட்டாள். அதில் கிருமி ஒட்டியிருக்கும், பிளீச்சிங்கில் போட்டு அழிக்க வேண்டும், தரமுடியாது என்றுவிட்டார். அப்படியானால் இரண்டு மணி நேரமும் நான் உள்ளே இருந்துகொள்ளட்டுமா என்றாள். இருந்துக்கோங்க, எதையும் தொடாதீங்க என்றார் ஜெயந்தி.

குழாயை எடுத்துப் போர்த்திவிட்டதும் அக்கா உள்ளே வந்தாள். மல்லாந்து கிடந்தேன். நேரமானதும் ஜெயந்தி கதவருகே நின்று, திரும்புங்க என்றார். இடப்பக்கம் புரண்டேன். பிறகு குப்புற. பிறகு வலப்பக்கம். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி மல்லாந்தபோது எழுந்து நின்றுவிட்டாள்.

"டேய் தம்பி. நீ அங்கப்பிரதட்சணம் இல்ல பண்ற."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடக்க முடியாது. சும்மா இரு என்றேன்.

"மருந்து உள்ளாற கீது. நீ உருள்ற. மருந்தும் சேந்துதான உருளுது?" என்றாள். பிறகு மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கைகூப்பி, அண்ணாமலையாருக்கு அரோகரா என்றாள். ஒவ்வொரு புரளலுக்கும் சொன்னாள். பக்கத்து அறையில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து கிடந்த பெரியவர் ஒருவர், என்னவென்று தெரியாமலே பதிலுக்கு அரோகரா போட்டார். ஜெயந்தி வந்து, ஆஸ்பத்திரிங்க இது என்று அதட்டினார். அடுத்த வாரம் அவரே திரும்புங்க என்பதற்குப் பதிலாக, உம் உருளுங்க என்றார். அந்த ஆறு வாரமும் இப்படியே ஓடியது. அவள் வேண்டுதல் தீர்ந்தது, மருந்தும் பிரிஜ்ஜை விட்டு வெயிலுக்குப் போகவில்லை.

முதல் வாரச் சாயங்காலமே குளிர் தூக்கிப் போட்டது. எரிச்சல் உயிரை எடுத்தது. மாமா பூத்துக்கு ஓடி டாக்டருக்குப் போன் போட்டு, ஜொரம் வந்துடுச்சு சார், நல்லா வந்துடுச்சு சார் என்று சந்தோஷமாகக் கத்தியிருக்கிறார். பூத்துக்காரர் மாமாவை ஒருமாதிரி பார்த்தாராம்.

ஆறு வாரம் முடிந்து, புண் ஆறக் கொஞ்சகாலம் விட்டு, டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். கண்ணை அதில் வைத்துக்கொண்டு குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவந்திருக்கிறது, அது மருந்து செய்த வேலை, கட்டி எதுவும் இல்லை என்றார். சந்தேகத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் கிள்ளி வேலூருக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை மறுபடி அந்தப் பெஞ்சு. வந்தது. அதிலும் ஒன்றும் இல்லை.

போய்விட்டதா சார் என்று கேட்டேன்.

"இப்ப இல்ல."

இனிமேல் வராதா என்றேன்.

"மூணு மாசம் கழிச்சு வா, பாத்துட்டு சொல்றேன்."

அதற்கப்புறம் என்றேன். இன்னொரு மூன்று மாதம் என்றார். நடுநடுவே மருந்தும் போட வேண்டுமாம், கூட்டம் கலையாமல் இருக்க. எத்தனை காலத்துக்கு என்று கேட்டதற்கு வருஷக்கணக்கில் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரு மனிதனிடம் நல்ல செய்தியை இவ்வளவு எரிச்சலூட்டும் விதத்தில் சொல்ல முடியும் என்று நான் நினைத்ததில்லை. பை உடம்போடு இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் எங்கேயும் போக முடியாது. பழைய லாரிக்கார நண்பர் ஒருவர் நாக்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், கூட வருகிறாயா என்று சொல்லியும் அனுப்பியிருந்தார். வரவில்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே சொல்லியனுப்பினேன். கோபமாகத்தான் இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஆள் கேட்கிறார்கள் என்று போனேன். அறைகளைப் பெருக்க, போர்வை துவைக்க, மோட்டார் போட. சொந்தக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குடிப்பியா என்றார். இல்லை என்றேன். எவ்வளவு நாள் இருப்பே என்றார். இதற்குமுன் இந்தக் கேள்வியை எத்தனையோ முதலாளிகள் கேட்டிருக்கிறார்கள், பார்க்கலாம் என்று சொல்லித்தான் பழக்கம்.

"மூணு மாசத்துக்கு ஒருவாட்டி லீவு வேணும்ங்க. அது குடுத்தீங்கன்னா இருப்பேன்" என்றேன்.

"வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடியே லீவா?"

"ஆமாங்க."

அவர் மேஜை டிராயரைத் திறந்தார். பிறகு மாடி அறைச் சாவிகளை எடுத்து என் கையில் கொடுத்து, கடைசி ரூமிலிருந்து ஆரம்பி என்றார். போவதற்குமுன் பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டேன். போய்விட்டு வந்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.